நோயாளி உள்ள வீட்டில் காய்கறித் தோட்டம்: விதைத் தேர்வு முதல் உணவுத் தட்டு வரை

“காய்கறி, கீரைகளை நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்னும் அறிவுரையைப் பெறாமல் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகள் மிகச் சிலரே. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகளை உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. காய்கறி விலை ஏறும் மாதங்களில் இந்த அளவை எட்டுவது பல குடும்பங்களுக்கு இயலாத செயல். அத்தகைய வீடுகளுக்கு, மாடியில் சில தொட்டிகளிலோ கொல்லைப்புறத்தில் ஒரு பாத்தியிலோ விதையிட்டு வளர்க்கும் கீரையும் வெண்டையும் உண்மையான உதவியாகும். முழுத் தேவையையும் சிறு தோட்டம் தந்துவிடாது. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் கறிக்கு ஈடுகொடுத்தாலே போதுமானது.

ஆனால், எல்லாக் காய்கறியும் எல்லா நோயாளிக்கும் ஏற்றதன்று. ஒரே முருங்கைக்கீரை இரத்தசோகை உள்ள மருமகளுக்கு நன்மையும், சிறுநீரகம் செயலிழந்த மாமியாருக்குத் தீங்கும் செய்யக்கூடும். ஆகவே எந்த விதையை வாங்குவது என்பதை விதைக்கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். வீட்டில் உள்ளவர்களின் மருந்துச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மருந்துச் சீட்டைப் பார்த்து விதையைத் தேர்ந்தெடுத்தல்

இரத்தசோகை: 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இவர்கள் வீட்டில் தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை ஆகியவற்றை வளர்ப்பது நல்லது. கீரையில் உள்ள இரும்புச்சத்தில் சிறு பகுதியையே குடல் உறிஞ்சுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கீரைப் பொரியலின்மீது எலுமிச்சைச் சாறு பிழிவதும், உணவுடன் நெல்லிக்காய் சேர்ப்பதும் உறிஞ்சும் அளவைக் கூட்டும். உணவுடன் குடிக்கும் தேநீரும் காப்பியும் அதைக் குறைக்கும். இவற்றுக்கு உணவிலிருந்து ஒரு மணி நேர இடைவெளியாவது கொடுங்கள். கருவுற்ற பெண்களுக்கு அரசு வழங்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வீட்டுக் கீரையைக் காரணம் காட்டி இம்மாத்திரையை நிறுத்தக் கூடாது. “தினமும் முருங்கைக்கீரை தின்கிறேன், மாத்திரை எதற்கு?” என்பது புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி. இரண்டும் வேண்டும் என்பதே விடை.

நாள்பட்ட சிறுநீரக நோய்: சிறுநீரகத்தின் செயல்திறன் வெகுவாகக் குறைந்தவர்களின் உடல், உணவில் வரும் பொட்டாசியத்தை முழுமையாக வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் அது மிகும்போது பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றாமலே இதயத்துடிப்பு பாதிக்கப்படலாம். கீரை வகைகள், முருங்கைக்கீரை, தக்காளி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றில் ஒப்பீட்டளவில் குறைவு. எனவே டயாலிசிஸ் செய்துகொள்பவர் உள்ள வீட்டில் பந்தல் காய்கள் முதலிடம் பெறட்டும். காய்களைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கி, நிறைய வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டுப் புதுநீரில் வேகவைத்து, வெந்த நீரையும் கொட்டிவிட வேண்டும். வெந்த நீரில் சத்து இருக்கிறது என்று அதை ரசமாகவோ சூப்பாகவோ கொடுத்துவிடாதீர்கள்; நீக்க வேண்டிய பொட்டாசியம் அந்த நீரில்தான் இருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கு எனாலாபிரில், டெல்மிசார்டன் போன்ற மருந்துகளையோ ஸ்பைரோனோலாக்டோனையோ உட்கொள்பவருக்குச் சிறுநீரகக் குறைபாடும் இருந்தால், அவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எவ்வளவு உண்ணலாம் என்பதை இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வார். சிறுநீரகம் நலமாக உள்ளவர்கள் பொட்டாசியத்திற்கு அஞ்சிக் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள்: செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் உட்கொள்கின்றனர். கீரைகளில் உள்ள வைட்டமின் கே இம்மருந்துகளின் வேலையை எதிர்க்கிறது. வீட்டுத் தோட்டம் இவர்களுக்கு ஒரு தனிச் சிக்கலை உண்டாக்கும். கடையில் கீரை வாங்கும் வீட்டில் வாரம் ஒருநாள் ஒரு கட்டு வரும். தோட்டத்திலோ ஒரே நாளில் விதைத்த பாத்தி முழுவதும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வீணாகக் கூடாது என்று பத்து நாள் தொடர்ந்து கீரை சமைப்பார்கள்; ஐ.என்.ஆர். அளவு இறங்கிவிடும், வால்வில் இரத்தக் கட்டி உண்டாகும் இடர் ஏறிவிடும். பிறகு கீரை தீர்ந்ததும் அளவு மேலேறி இரத்தக்கசிவு ஏற்படவும் வாய்ப்புண்டு. இவர்கள் கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்ண வேண்டும் என்பதே விதி. அதற்குத் தோட்டத்திலேயே வழி உண்டு: பாத்தியை நான்கு துண்டுகளாகப் பிரித்து, வாரத்திற்கு ஒரு துண்டாக விதையுங்கள். தோட்டம் தொடங்குவதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்து, முதல் அறுவடைக்குப் பின் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஏபிக்சபன், ரிவராக்சபன், டாபிகட்ரான் ஆகிய மருந்துகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

நீரிழிவு: கீரை, வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பாகல் அனைத்தும் ஏற்றவை. பாகற்காயைக் கறியாக உண்பதில் தடையில்லை. அதன் சாற்றை மருந்தெனக் கருதி மாத்திரையை நிறுத்துவதும், மாத்திரையுடன் சேர்த்து அதிக அளவில் குடித்துச் சர்க்கரை அளவு தாழ்ந்து மயங்குவதும் தவிர்க்க வேண்டியவை.

சிறுநீரகத்தில் ஆக்சலேட் கற்கள் வந்தவர்கள் பாலக்கீரையையும் தண்டுக்கீரையையும் அளவோடு நிறுத்திக்கொண்டு, காய் வகைகளை மிகுதியாக வளர்க்கலாம்.

விதை வாங்கும்போது

வேளாண்மைப் பல்கலைக்கழக விற்பனை மையங்கள், தோட்டக்கலைத் துறை, உரிமம் பெற்ற விதைக்கடைகள் ஆகிய இடங்களில் விதை வாங்குங்கள். உறையில் பயிரின் பெயர், இரகம், முளைப்புத்திறன், செல்லுபடியாகும் தேதி ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். வீட்டுக்கு வீரிய ஒட்டு விதைகள் கட்டாயமில்லை. அவற்றின் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல் விளையாது. ஆண்டுதோறும் புதிதாக வாங்க நேரிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 தக்காளி, அதே பெயருடைய செடிமுருங்கை போன்ற இரகங்கள் நம் வெயிலைத் தாங்குபவை. செடிமுருங்கையைக் கொம்பு நடாமல் விதையிலிருந்தே வளர்க்கலாம். ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, முதியவர்களும் நின்றபடியே இலை பறிக்கும் உயரத்தில் இருக்கும்.

உறைக்குள் விதை இளஞ்சிவப்பு, நீலம், பச்சை போன்ற செயற்கை நிறத்தில் இருந்தால், அது பூஞ்சைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ பூசப்பட்ட விதை. விதைப்பதற்கு அது தவறன்று. ஆனால் அது நஞ்சு. வெறுங்கையால் எடுக்காதீர்கள், ஊறவைத்த நீரைக் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள், எஞ்சியதைச் சமையலறையில் வைக்காதீர்கள். கொத்தமல்லி, வெந்தயம், பயறு வகைகளின் விதைகள் அஞ்சறைப்பெட்டிப் பொருள்களைப் போலவே தோன்றுவதால் குழப்பம் எளிதில் நேரும். பார்வை குறைந்தவர், மறதி நோய் உள்ளவர், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூச்சு இல்லாத விதையை மட்டுமே வாங்குவது என் பரிந்துரை. வேர்அழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி என்னும் உயிரியல் பூஞ்சைக்கொல்லியை விதையுடன் கலக்கலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது அளவு. வீட்டுத் தேவைக்கு ஒரு சிட்டிகை போதும். அந்தத் தூளை மூச்சுடன் இழுக்காதபடி சிறிது கஞ்சியில் குழைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விதை முளைக்குமா என்ற ஐயம் இருந்தால், பத்து விதைகளை ஈரத் துணியில் சுற்றி ஒரு வாரம் ஈரம் உலராமல் வைத்துப் பாருங்கள். ஏழுக்கு மேல் முளைத்தால் விதைக்கலாம்.

விதைத்தலும் முளைப்பும்

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் பெரும்பாலான காய்களுக்கு உகந்தவை. கீரையை, கனமழை நாள்களைத் தவிர்த்து, ஆண்டு முழுவதும் விதைக்கலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் படும் இடம் வேண்டும். தொட்டிக்கு மண், மட்கிய எரு, தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். கீரைக்கு அரையடி ஆழமுள்ள தொட்டி போதும். வெண்டை, கத்தரி, தக்காளிக்கு ஓரடியாவது வேண்டும்.

கீரை விதை மிகச் சிறியது. அதை நாலைந்து மடங்கு மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிய மணற்போர்வை இட்டுப் பூவாளியால் நீர் தெளியுங்கள். வாளியால் ஊற்றினால் விதைகள் ஒருபுறம் ஒதுங்கிவிடும். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். முளைக்கீரையை 21 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். விதைத்த அன்றே எறும்புகள் விதையை இழுத்துச் செல்வதுண்டு. பாத்தியின் ஓரத்தில் சிறிது அரிசிக் குருணை தூவி அவற்றைத் திசைதிருப்புவது பழைய வழக்கம். கடையில் விற்கும் எறும்புப் பொடி ஒரு பூச்சிக்கொல்லி. மூன்று வாரத்தில் உண்ணப் போகும் கீரையின் பாத்தியில் அதற்கு இடமில்லை.

வெண்டை விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, விரல்கணு ஆழத்தில் குழிக்கு இரண்டாக ஊன்றுங்கள். ஏறத்தாழ 45 நாளில் முதல் காய் கிடைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை முதலில் குழித்தட்டிலோ சிறு தொட்டியிலோ நாற்றாக வளர்த்துப் பின்னரே பிடுங்கி நட வேண்டும். தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 முதல் 45 நாள் ஆகும். மாலை வேளையில் நடுங்கள். நாற்றின் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தால் நீர் மிகுதி என்று பொருள். பெரும்பாலான வீட்டு நாற்றுகள் நீர் குறைவால் அல்ல, மிகுதியால்தான் சாகின்றன.

சுரை, பீர்க்கு, புடலை, பாகல் விதைகளின் தோல் தடித்தது. இரவு ஊறவைத்து, குழிக்கு மூன்றாக ஊன்றி, வலுவான ஒன்றிரண்டை மட்டும் பந்தலில் ஏற்றுங்கள். பந்தலை எட்டும் உயரத்தில் அமையுங்கள். முதியவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் காய் பறிக்க நாற்காலியின்மீதோ மாடிக் கைப்பிடிச் சுவரின்மீதோ ஏறுவதற்கான தேவையே எழக் கூடாது.

கசக்கும் சுரைக்காய்

இந்தப் பக்கத்தில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படியுங்கள்.

சுரை, பீர்க்கு, வெள்ளரி, பூசணி ஆகிய கொடிகள் தம்மைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள குக்குர்பிட்டாசின் என்னும் கசப்புப் பொருளை உண்டாக்கும் இயல்புடையவை. நாம் உண்ணும் இரகங்களில் இக்கசப்பு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து நீக்கப்பட்டுள்ளது. ஆனால் காட்டுச்சுரை அல்லது கசப்புச்சுரையின் மகரந்தம் கலந்து உருவான விதையிலிருந்து வளரும் கொடி, பார்வைக்கு நல்ல சுரையைப் போலவே இருந்து கசப்புக் காய்களைத் தரும். கடும் வெப்பம், நீர்ப்பற்றாக்குறை போன்ற நெருக்கடிகளும் கசப்பைக் கூட்டக்கூடும். சுரைக்காய்ச் சாறு நீரிழிவுக்கும் இதயத்திற்கும் நல்லது என்ற நம்பிக்கையில் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் வழக்கம் பரவிய பின்னர், கசந்த சாற்றைக் குடித்தவர்கள் கடும் நஞ்சேற்றத்திற்கு உள்ளாகினர். இந்தியாவில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. அதன் பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்து எச்சரிக்கை வெளியிட்டது.

கசப்புச் சாறு உள்ளே சென்ற சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்திற்குள் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். இரைப்பையும் குடலும் புண்ணாகி இரத்த வாந்தி எடுக்கலாம். இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலை ஏற்படலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை. சமைப்பதால் கசப்பு நச்சு முழுமையாக நீங்குவதும் இல்லை. “மருந்துதானே, கசக்கத்தான் செய்யும்” என்று கண்ணை மூடிக் குடிப்பதே இதில் பேராபத்து. சுரைக்காய்க்குக் கசப்பு இயல்பன்று. பாகற்காயின் கசப்பு வேறு பொருளால் வருவது, இதனுடன் சேர்த்து எண்ண வேண்டா.

ஆகவே, சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் எதுவாயினும் நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் குப்பையில் போடுங்கள்; மாட்டுக்கும் கொடுக்காதீர்கள். அந்தக் கொடியின் மற்றக் காய்களையும் பயன்படுத்தாமல் கொடியையே அகற்றிவிடுங்கள். அதிலிருந்து விதை எடுக்கவே கூடாது. வேலியோரத்திலோ குப்பைமேட்டிலோ தானாக முளைத்த சுரைக்கொடியின் காயையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். சுரைச்சாறு குடிக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. குடித்தே தீர்வேன் என்பவர்கள் ஒவ்வொரு முறையும் சுவைத்துப் பார்த்த பின்னரே பிழிய வேண்டும். கசப்பு மறைந்துவிடும் என்பதால் வேறு சாற்றுடன் கலக்கக் கூடாது.

தானாக முளைத்தவை

கீரைப் பாத்தியில் ஊமத்தை முளைப்பது உண்டு. இளஞ்செடியாக இருக்கும்போது கத்தரி நாற்றைப் போலத் தோன்றும். கீரையுடன் கலந்து சமைத்து உண்டால் வாய் வறளும், கண்பாவை விரியும், இதயம் படபடக்கும், நினைவு தடுமாறிப் பிதற்றல் தோன்றும். விதைக்காத செடியை, பெயர் உறுதியாகத் தெரிந்தாலன்றி, சட்டியில் சேர்க்காதீர்கள். கீரையை ஆய்பவர் ஒவ்வோர் இலையையும் பார்த்து ஆய வேண்டும்.

மண்ணில் வேலை செய்வோர் கவனத்திற்கு

மனித மலம் கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உடலுக்குள் நுழைகிறது. பின்னர் குடலில் தங்கி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தசோகைக்காகக் கீரை வளர்க்கப் போய், அந்தத் தோட்டத்திலேயே இரத்தத்தை இழக்கும் நிலை நேரக் கூடாது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கம் இருந்த இடங்களிலும், கழிவுநீர் தேங்கும் கொல்லைகளிலும் மூடிய காலணி கட்டாயம். குடற்புழு நீக்க மாத்திரையை எப்போது உட்கொள்வது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள் குத்தியதே தெரியாது. வேலை முடிந்ததும் காலைக் கழுவி, துடைத்து, விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும் வேறொருவர் பார்க்கட்டும். இன்சுலின் போட்டவர்கள் உணவு உண்ணாமல் மண் வெட்டப் போகக் கூடாது. சட்டைப்பையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும். மழைக்காலத்தில் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு வகைக் கிருமி மெலியாய்டோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. நீரிழிவு, சிறுநீரக நோய், மிகையான மதுப்பழக்கம் உள்ளவர்களை இது கடுமையாகத் தாக்கும். தோட்ட வேலைக்குப் பின் சில நாள்களிலோ வாரங்களிலோ விடாத காய்ச்சல், இருமல், சீழ்க்கட்டி தோன்றினால், மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். காசநோயைப் போலவே தோன்றும் இதனைக் கண்டறிய அந்த ஒரு சொல் துணைசெய்யும்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் உலர்ந்த எருவையும் தென்னைநார்த் தூளையும் கொட்டிக் கிளறக் கூடாது. முதலில் நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னர், முகக்கவசம் அணிந்து கலக்கலாம். வேறொருவர் கலந்து கொடுப்பது இன்னும் நல்லது. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரும், புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோரும் மண்ணிலும் எருவிலும் கை வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. நன்கு கழுவிச் சமைத்த தோட்டக் காய்கறிகளை அவர்கள் உண்ணலாம். முளைகட்டிய பயறு உள்ளிட்டவற்றைப் பச்சையாக உண்ணக் கூடாது. கருவுற்ற பெண்கள் கையுறை அணியட்டும். பூனை மலம் கலந்த மண்ணிலிருந்து வரும் ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கக்கூடியது.

குத்துக்காயம் ஏற்பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, தடுப்பூசி விவரத்தைப் பாருங்கள். மண் படிந்த காயத்திற்கு, கடைசி டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும்.

குனிந்து எழும்போது தலைசுற்றும் முதியவர்கள் முக்காலியில் அமர்ந்து வேலை செய்யுங்கள். தொட்டிகளை இடுப்பு உயர மேடையில் வைத்தால் குனிய வேண்டியதே இல்லை. காலை பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

நீர், எரு, பூச்சிமருந்து

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் பூவாளியிலும் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாளே போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் உலர்ந்த தட்டிலும் ஒட்டிக்கொண்டு உயிருடன் இருக்கும் என்பதால் நீரைக் கொட்டுவது மட்டும் போதாது.

சாக்கடை நீரையோ கழிவறைத் தொட்டி நீரையோ காய்கறிகளுக்குப் பாய்ச்சாதீர்கள். நாடாப்புழுவின் முட்டைகள் அதன்வழி பச்சைக் காய்கறியில் ஒட்டி, உண்டவரின் மூளையில் கட்டியாகி வலிப்பை உண்டாக்கலாம். நன்கு மட்கிய எருவையே இடுங்கள். புதுச்சாணம் கரைத்த நீர், பஞ்சகவ்யம் போன்றவற்றை வேர்ப்பகுதிக்கு ஊற்றலாம். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி ஆகியவற்றின்மீது தெளிக்கக் கூடாது. பறித்த கீரையை, ஆய்ந்த பின்னர் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள்.

பூச்சிக்கொல்லியை வீட்டுத் தோட்டத்திற்கு வாங்கவே வேண்டா. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் பெரும்பாலும் போதும். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காகக் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். அதைக் குடித்த சிறு குழந்தைகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் ஏற்பட்டுள்ளன. வீட்டில் யாரேனும் மனச்சோர்வில் இருந்தால், பூச்சிமருந்துப் புட்டி வீட்டில் இல்லாமல் இருப்பதே ஓர் உயிர்காப்பு.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

கசந்த காயையோ சாற்றையோ உட்கொண்ட பின் வாந்தி, வயிற்றுவலி, கீரை உண்ட பின் பிதற்றல், கண்பாவை விரிதல், நிறம் பூசிய விதையை அல்லது பூச்சிமருந்தை விழுங்கியது அல்லது விழுங்கியதாக ஐயம், பாம்புக்கடி, சர்க்கரை கொடுத்தும் தெளியாத மயக்கம், சிறுநீரக நோயாளிக்குத் திடீர்த் தசைச்சோர்வு அல்லது சீரற்ற இதயத்துடிப்பு, வார்ஃபரின் உட்கொள்பவருக்கு ஈறில் அல்லது சிறுநீரில் இரத்தம், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல். இவற்றில் எது நேர்ந்தாலும் 108 ஊர்தியை அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நஞ்சு விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டா. உப்புநீரும் புளிக்கரைசலும் கொடுக்க வேண்டா. பாம்பு கடித்த இடத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துக் கொண்டுவாருங்கள்.

அவசரமில்லாத ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். மருத்துவமனைக்கு வரும்போது விதை உறை, மருந்துப் புட்டி, எஞ்சிய காய்த்துண்டு அல்லது செடியின் கிளை, நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு உடன் எடுத்து வாருங்கள்.